இரவில் எடுக்கப்படாத தொலைபேசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு, கோத்தகிரியை அடுத்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், சர்க்கரை நோயாளியான என் தாயாருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. எங்கள் வீட்டில் வாசற்படியில் மட்டுமே சிக்னல் கிடைக்கும் என்பதால், குடை பிடித்தபடி அங்கே நின்று, கிளினிக்கின் மருந்துச் சீட்டில் அச்சிட்டிருந்த எண்ணை ஆறு முறை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்த பிறகே அம்மா தெளிந்தார்.

பகலெல்லாம் உழைத்த மருத்துவர் இரவிலும் விழித்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 108-ஐயும், ஆலோசனைக்கு 104-ஐயும் அழைக்கச் சொல்லும் பதிவுக் குரலாவது தமிழில் ஒலிக்கட்டும். அதைவிட நல்லது, ஊரிலுள்ள மருத்துவர்கள் முறைவைத்து ஒரு பொது எண்ணை ஏற்பது. எடுப்பவர் செவிலியராக இருந்தாலும், நோயாளியின் வயது, உண்ணும் மருந்து, திரும்ப அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் தெரிவித்து, காலையில் அக்குறிப்பை நோயாளியின் கோப்பில் சேர்த்துவிடலாம். மூடுபனியில் மலைப்பாதையில் வண்டி எடுப்பதா, விடியும்வரை பொறுப்பதா என்று தவிக்கும் குடும்பத்துக்கு அந்தச் சில நிமிடப் பேச்சு பெரிய துணை. அதுவும் இயலாதெனில், இரவில் அந்த எண் எடுக்கப்படாது என்பதையாவது அதே சீட்டில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி