பூங்கொடிக்கு, துப்பாக்கி விஷயமாக

அன்புள்ள பூங்கொடிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். கிணற்றடி மாமரம் இந்த வருஷமும் ஏமாற்றவில்லை. தம்பிக்கு வேலூருக்கே மாற்றல் வந்துவிட்டது. மற்றபடி ஊரில் புதிதாக ஒன்றும் இல்லை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று வரியைப் பார்த்தேன். போனில் பதில் சொல்லலாம்தான். ஆனால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், நீயும் "அப்புறம் கூப்பிடறேன்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அலாஸ்காவில் மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாட, கடையில் .375 அங்குலக் குண்டு ரைஃபிள் ஒன்று பார்த்தேன், குறிபார்க்கும் ஸ்கோப்போடு சேர்த்தே 3.2 கிலோதான், கையில் இருப்பதே தெரியவில்லை, வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. காரணம் சொல்கிறேன். வேட்டை எனக்குத் தெரியாது. நம் நாட்டில் 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் துப்பாக்கி தெரியும். வெலிங்டன் ராணுவ மையத்தில் எத்தனையோ பையன்களின் தோளில் முதல்முறையாக ரைஃபிளை வைத்துக் கொடுத்த உஸ்தாத் உன் அப்பா. என்னிடம் கேட்கத் தோன்றியதே, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் இதைக் கேட்க மட்டும்தான் அப்பா ஞாபகம் வந்ததா என்றும் இருந்தது. சரி, அது கிடக்கட்டும்.

கடையில் தூக்கிப் பார்க்கும்போது லேசான ரைஃபிள் யாருக்கும் பிடிக்கும். சுடும்போதுதான் அதன் குணம் தெரியும். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கு. மருந்து எரிந்து வரும் வாயுவுக்கும் அதேபோல் பெருக்கிக் கூட்டு. அந்த மொத்தத் தள்ளலையும் ரைஃபிள் உன் தோள் பக்கம் வாங்குகிறது. அதை ரைஃபிளின் எடையால் வகுத்தால் எவ்வளவு வேகத்தில் பின்னால் வரும் என்று தெரிந்துவிடும். .375இன் 300 கிரெய்ன் குண்டு 19 கிராமுக்குக் கொஞ்சம் மேல், வேகம் நொடிக்கு சுமார் 770 மீட்டர். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ சொல்லும் 3.2 கிலோ ரைஃபிளில் உதையின் ஆற்றல் கிட்டத்தட்ட 70 ஜூல். அதே தோட்டாவை 4.1 கிலோ ரைஃபிளில் சுட்டால் 54 பக்கம். நாங்கள் ராணுவத்தில் சுட்ட 7.62 எஸ்.எல்.ஆர் ரைஃபிளுக்கு 15 ஜூல் பக்கம்தான் வரும். அதற்கே ரைஃபிளின் பின்கட்டையை, அதாவது பட்டை, தோளில் சரியாக வைக்காத பையன்கள் மறுநாள் கை தூக்க முடியாமல் நிற்பார்கள். அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீ வாங்கப் போகிறாய்.

உதையின் அளவு மட்டும் விஷயமில்லை, அதன் வேகமும் உண்டு. கனமான ரைஃபிள் தள்ளும். லேசானது அறையும். 4.1 கிலோ ரைஃபிள் நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் பின்னால் வந்தால், 3.2 கிலோ ஆறரை மீட்டர் வேகத்தில் வரும். உடம்பு அதற்கு வளைந்து கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தப் புகைப்பட விஷயத்துக்கு வருகிறேன். வலது புருவத்துக்கு மேல் இருக்கும் வெட்டை அம்மா பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள். கதவில் இடித்துக்கொண்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறாய். கதவு விளிம்பு இடித்தால் காயம் நேராக இருக்கும். இது வளைந்திருக்கிறது. ஸ்கோப்பின் பின்வளையம் புருவ எலும்பில் வந்து மோதினால்தான் இப்படி வெட்டும். யாரிடமோ வாங்கிச் சுட்டுப் பார்த்திருக்கிறாய், தலையை அதிகம் முன்னால் நீட்டியிருக்கிறாய், அவ்வளவுதான். அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பதை நான் எழுத மாட்டேன், உனக்கே தெரியும். அது ஸ்கோப்தான் என்று உன் வாயால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அது ஸ்கோப்தான் என்றால், இனி நடக்காமல் இருக்க இதைச் செய். கண்ணிலிருந்து குறைந்தது நான்கு அங்குலம் தள்ளி வைத்தாலும் முழுக் காட்சியும் தெரிகிற ஸ்கோப்பாகப் பார்த்து வாங்கு. பெரிய உருப்பெருக்கம் வேண்டாம், 1.5இல் தொடங்கி 5 வரை போதும். மாட்டும்போது நின்றபடி மட்டும் பார்க்காதே. படுத்தும் பார், மேட்டை நோக்கிக் குறிவைத்தும் பார். அந்த இரண்டு நிலையிலும் தலை தானாக முன்னால் போகும். புருவம் கிழிவது அங்கேதான்.

பட்டின் நீளம் அடுத்தது. டிரிகரிலிருந்து பட் முனை வரை பொதுவாக 13½ அங்குலம் வைக்கிறார்கள். அது சராசரி ஆணுக்கான கணக்கு. நீ அம்மா உயரம். அதன் மேல் தடித்த குளிர் ஜாக்கெட் வேறு போடுவாய், அதுவும் நீளத்தைக் கூட்டும். நீளம் அதிகமானால் பட் தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும். அங்கே வாங்கும் உதைதான் வலிக்கும். அமெரிக்கக் கம்பெனி ரூகர் 'கைட் கன்' என்று ஒரு மாடல் வைத்திருக்கிறது, 2007இல் வந்த .375 ரூகர் தோட்டாவுக்கு. பட்டில் அரை அங்குலத் தகடுகளைக் கழற்றி 12½ வரை குறைத்துக்கொள்ளலாம். வெறும் ரைஃபிள் 3.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஸ்கோப் ஏறினால் 4 கிலோவைத் தாண்டும். .375தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அந்த எடைக்குக் கீழே போகாதே. கன்னம் பதியும் இடம் பேரலுக்கு இணையாக நேராக இருக்க வேண்டும். பின்பக்கம் சரிந்த பட் என்றால் முனை மேலே எகிறும், கன்னத்திலும் அடி விழும். பட்டின் அடிப்பாகம் அகலமாக, நல்ல மெத்தை ரப்பரோடு இருக்கட்டும்.

முனையில் மாட்டும் மசில் பிரேக் உதையை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்கும், உண்மைதான். ஆனால் வாயு பக்கவாட்டில் பாய்வதால் சத்தம் முழுவதும் உன் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் வரும். பழகும்போது மாட்டிக்கொள், காதுக்கு உள்ளே அடைப்பான், வெளியே மூடி, இரண்டும் வேண்டும். காட்டுக்குப் போகும்போது கழற்றிவிடு. மிருகம் எதிரில் நிற்கும்போது உதை தெரியவே தெரியாது என்று சுட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் காது என்று எழுதினேனே, உன் பக்கத்தில் யார் நிற்பார்கள் பூங்கொடி?

என் மனதில் இருப்பதைச் சொல்லட்டுமா? உனக்கு .375 தேவையே இல்லை. மூஸுக்கு தேர்ட்டி ஆட் சிக்ஸ் (.30-06) ரைஃபிளே தாராளம். 1906இலிருந்து இருக்கும் தோட்டா, உதை 28 ஜூல் பக்கம். கரடி வந்தால் என்று கேட்பாய். அதற்கும் 200, 220 கிரெய்ன் நல்ல குண்டுகள் கிடைக்கின்றன. அலாஸ்கா வேட்டைத் துறையே என்ன சொல்கிறது? சரியாகச் சுட வராத, அதிக மருந்துள்ள புது மேக்னம் ரைஃபிளோடு வருகிறவனைவிட, நன்றாகச் சுடப் பழகிய .270 அல்லது தேர்ட்டி ஆட் சிக்ஸோடு வருகிறவனைத்தான் அனுபவமுள்ள வழிகாட்டிகள் விரும்புகிறார்கள் என்று. என்சிசி கேம்பில் பாயிண்ட் டூ டூ (.22) சின்ன ரைஃபிளை வைத்து நீ அடித்த குரூப்பிங் அட்டை இன்னும் பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கும். அப்படிப்பட்ட கை உன்னுடையது. பயம் புகுந்துவிட்டால் அந்தக் கை போய்விடும்.

பயம் என்றால் நீ நினைக்கிற பயம் இல்லை. மூளைக்குத் தெரியாமல் உடம்பு கற்றுக்கொள்ளும் பயம். அதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. சுடுகிறவன் பார்க்காமல் இன்னொருவர் லோட் பண்ணித் தர வேண்டும், ஒரு தடவை நிஜத் தோட்டா, ஒரு தடவை மருந்தில்லாத டம்மி. அந்தப் பையன்கள் இன்னும் என் கண்ணில் நிற்கிறார்கள். குறிபார்த்து மூச்சை அடக்கி டிரிகரை அழுத்துவான். டிக் என்று சத்தம் மட்டும் வரும். ஆனால் பேரல் முனை சடாரென்று கீழே இறங்கும், தோள் முன்னால் துள்ளும், கண் இறுக மூடியிருக்கும். வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. முனை அசையாமல் நிற்கும்வரை டம்மியைக் கலந்து கொடுத்துக்கொண்டே இருப்போம். மாதக்கணக்கில் பழகினாலும் இதைத் தனியாகச் செய்ய முடியாது. தோட்டாவைப் போட்டது நீயே என்றால் உள்ளே இருப்பது என்ன என்று உனக்குத் தெரிந்துபோகுமே.

பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து சுடாதே. அப்போது உடம்பு பின்னால் போக வழியில்லாமல் எல்லாம் தோளில் முடியும். குறி சரிபார்க்கும் நாலைந்து ரவுண்டுக்கு மட்டும் பெஞ்ச் போதும், அதற்கும் பட்டுக்கும் தோளுக்கும் நடுவில் மணல் பை வை. மற்றபடி நின்று சுடு. இடது கால் முன்னால், எடை கொஞ்சம் முன்பக்கம், பட் தோள்குழியில் இறுக்கமாக. விட்டுப் பிடித்தால் வேகம் எடுத்து வந்து இடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து ரவுண்டு போதும். வலிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடு. அதற்கு மேல் சுட்டால் கற்றுக்கொள்வது பயத்தைத்தான். மிச்ச நேரமெல்லாம் பாயிண்ட் டூ டூவில் பழகு.

சுமக்க முடியாது என்பாய். இன்ஃபன்ட்ரிக்காரனிடம் சுமையைப் பற்றிச் சொல்லாதே. ஒரு கிலோவைப் பையில் குறை, கூடாரத்தில் குறை. ரைஃபிளில் குறைக்காதே. போகும்போது சுமப்பது ஒன்றுமே இல்லை, திரும்பி வரும்போது இருக்கிறது சங்கதி. நன்றாக வளர்ந்த ஆண் மூஸ் 700 கிலோ வரை போகும், இறைச்சி மட்டும் 225 கிலோ தேறும் என்று படித்தேன். தின்னக்கூடிய கறி எதையும் காட்டில் விட்டுவரக் கூடாது என்பது அங்கே சட்டம். அதையெல்லாம் முதுகில் ஏற்றிச் சதுப்பு நிலத்தில் எத்தனை நடை நடப்பாய்? ரத்த வாசனைக்கு வரும் கரடியை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒருத்தி செய்கிற வேலையா இது? போன வருஷம் மாப்பிள்ளையும் அவர் நண்பரும் வந்தார்கள் என்று எழுதியிருந்தாய். இந்த வருஷம் "போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். ஆறு மாதமாக எந்தப் புகைப்படத்திலும் அவர் இல்லை. அம்மா கேட்டால் வேலை என்கிறாய். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நீ எடுத்த எந்த முடிவுக்கும் இந்த வீட்டில் யாரும் உன்னிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை. பெரியத்தை விஷயத்தில் தாத்தா நடந்துகொண்ட மாதிரி நான் நடந்துகொள்ள மாட்டேன். அதை மட்டும் தெரிந்துகொள்.

3.2 கிலோவை வாங்காதே. இன்னொரு தடவை சொல்கிறேன், வாங்காதே. தேர்ட்டி ஆட் சிக்ஸை எடு, இல்லை .375ஐ 4 கிலோவுக்குக் குறையாமல் எடு. அதற்கு முன்னால் டம்மி போட்டுத் தர யார் இருக்கிறார்கள் என்று எழுது. மாப்பிள்ளை என்றால் நல்லது. வேறு சிநேகிதி யாராவது என்றாலும் நல்லது. யாரும் இல்லை என்றால் அதையே ஒரு வரியில் எழுது. சீசன் செப்டம்பரில்தானே. போன தடவை வந்தபோது அடித்த விசா இன்னும் செல்லும், முழங்காலும் முன்னைக்கு இப்போது தேவலை. நான் வந்து லோட் பண்ணித் தருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா