குழந்தைப் பராமரிப்புத் தொகை கார்டிலிருந்து திருடுபோன 810 டாலர் 50 சென்ட் பற்றிய புகார்

அனுப்புநர்:
குழந்தைப் பராமரிப்புத் தொகையை உங்கள் ப்ரீபெய்டு கார்டில் பெறும் தமிழ்ப் பெற்றோரும், அவர்களுக்கு மனு எழுதித் தரும் தன்னார்வலர்களும்,
அமெரிக்கா.

பெறுநர்:
குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்,
ப்ரீபெய்டு கார்டு நிறுவனம்.

பொருள்: மார்ச் 6, 2025 அன்று நடந்த திருட்டு; "தவறு எதுவும் இல்லை" என்று மூடப்பட்ட டிஸ்பியூட்டை (பரிமாற்றத்தை மறுத்துக் கொடுத்த புகாரை) மீண்டும் திறந்து பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கார்டோடு வந்த தாளில், எந்த மொழியிலும் எழுதலாம் என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறோம். ஆங்கில வடிவத்தையும் இணைத்திருக்கிறோம். பாதிக்கப்பட்ட தாயின் கையொப்பமிட்ட ஒப்புதலும், கார்டின் கடைசி நான்கு எண்களும், டிஸ்பியூட் எண்ணும் தனித்தாளில் உள்ளன.

நடந்தது இதுதான். மார்ச் 6 அதிகாலையில், குழந்தைகளுக்காக மற்றப் பெற்றோர் நீதிமன்ற ஆணைப்படி கட்டும் இரண்டு வாரத் தொகை ஏறியதும் கார்டில் 831 டாலர் 16 சென்ட் இருந்தது. காலை 6.11-க்கு ஒரு ஏடிஎம்மில் இருப்பு பார்த்திருக்கிறார்கள். அதற்கு 50 சென்ட் பிடித்தம். 6.12-க்கு 400 டாலர், 6.13-க்கு இன்னொரு 400 டாலர் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் உங்கள் கட்டணம் 1 டாலர் 75 சென்ட், இயந்திரத்துக்காரர் கட்டணம் 3 டாலர். 6.14-க்கு இன்னும் 20 டாலர் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். மீதி 21 டாலர் 16 சென்ட்தான் இருந்ததால், கட்டணத்தோடு சேர்த்துப் பணம் போதாமல் அது மறுக்கப்பட்டது. அந்த மறுப்புக்கும் 50 சென்ட் எடுத்திருக்கிறீர்கள். திருடன் செய்த முயற்சிக்கான கட்டணம்கூடக் குழந்தைகளின் பணத்திலிருந்தே போயிருக்கிறது. மொத்த இழப்பு 810 டாலர் 50 சென்ட். மிச்சம் 20 டாலர் 66 சென்ட்.

அந்த ஏடிஎம் பாதிக்கப்பட்ட தாய் குடியிருக்கும் ஊரிலிருந்து 210 மைல் தள்ளி இருக்கிறது. அதே நாள் காலை 7.25-க்கு, வீட்டருகே உள்ள மளிகைக் கடையில் பால், ரொட்டி, டயப்பர் வாங்கி 27 டாலர் 85 சென்டுக்குக் கார்டைத் தேய்த்தபோது பணம் போதவில்லை என்று வந்தது. அந்த மறுப்பு உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. 6.14-க்கு அங்கே நின்ற கார்டு 7.25-க்கு இங்கே வந்திருக்க முடியாது. கார்டு அவர் கைப்பையில்தான் இருந்தது. அங்கே ஓடியது நகல். விசாரித்தவர் அந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தாலே விஷயம் முடிந்திருக்கும்.

8.02-க்கு உங்கள் எண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். மார்ச் 10 அன்று எழுத்திலும் ஃபேக்ஸ் அனுப்பினார். போய்ச் சேர்ந்ததற்கான தாள் இருக்கிறது. இதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. வாய்மொழிப் புகாருக்குப் பிறகு எழுத்து உறுதி கேட்டு, அது 10 வேலை நாளில் வராவிட்டால் தற்காலிக வரவு (விசாரணை முடியும்வரை பணத்தைக் கணக்கில் போட்டு வைப்பது) தரத் தேவையில்லை என்று, கீழே சொல்லும் கூட்டாட்சி விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு இங்கே செல்லாது.

மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் வரும் ரெகுலேஷன் ஈ, 2019 ஏப்ரல் 1 முதல் ப்ரீபெய்டு கணக்குகளுக்கும் விரிவாகப் பொருந்துகிறது. அதன் 1005.11 பிரிவுப்படி புகார் வந்த 10 வேலை நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பணத்தைத் தற்காலிகமாக வரவு வைத்துவிட்டு 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். பத்தாவது வேலை நாள் மார்ச் 20. அன்று எந்த வரவும் வரவில்லை. 45-ஆவது நாள் ஏப்ரல் 20. உங்கள் பதில் கடிதத்தின் தேதி ஏப்ரல் 28. நடுவில் மூன்று முறை போன் செய்தபோதும் "எங்களுக்கு 90 நாள் இருக்கிறது" என்றே உங்கள் ஊழியர்கள் சொன்னார்கள். 90 நாள் என்பது கடையில் கார்டு தேய்த்த பரிமாற்றத்துக்கும், வெளிநாட்டில் நடந்ததற்கும், முதல் தொகை ஏறி 30 நாள் ஆகாத புதுக் கணக்குக்கும் உள்ள அவகாசம். இது உள்நாட்டு ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம்; கணக்கோ 2022-லிருந்து ஓடுகிறது. ஊழியர்கள் பார்த்து வாசிக்கும் குறிப்பிலேயே இந்தப் பிழை இருக்கிறது என்று நினைக்கிறோம். அதைத் திருத்தாவிட்டால் அடுத்தவருக்கும் இதேதான் நடக்கும்.

காவல்துறை அறிக்கை வந்தால்தான் விசாரணை தொடங்கும் என்று முதல் அழைப்பிலேயே சொன்னதும் தவறு. அறிக்கை இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைக் காட்டி விசாரணையை நிறுத்திவைக்க முடியாது.

பதில் கடிதத்தில் இருப்பது ஒரே வரி: சரியான பின் எண் பயன்படுத்தப்பட்டதால் தவறு இல்லை. பின் எண் சரியாக இருந்தது என்பது, உரியவர்தான் எடுத்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. உங்கள் கார்டில் சிப் கிடையாது. காந்தப் பட்டை மட்டும்தான். கார்டு செருகும் வாயின் மேல் ஒட்டப்படும் ஸ்கிம்மர் அந்தப் பட்டையை ஒரு நொடியில் படியெடுத்துவிடும். எண்பலகைக்கு மேலே சிறு கேமராவோ, பலகை மேலேயே பொருத்தும் போலிப் பலகையோ பின் எண்ணை எடுத்துக்கொள்ளும். படியெடுத்தவர்கள் உடனே எடுப்பதில்லை. தொகை ஏறும் நாளின் விடியலுக்காகக் காத்திருப்பார்கள். முதலில் இருப்பு, அடுத்தடுத்த நிமிடத்தில் இரண்டு பெரிய தொகை, பிறகு மிச்சத்தைச் சுரண்டும் முயற்சி. மார்ச் 6-இன் நான்கு வரிகளும் அச்சு அசலாக அப்படியே இருக்கின்றன. பரிமாற்றம் உரியவரின் அனுமதியோடுதான் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் உங்கள் மேல்தான் வைத்திருக்கிறது. கார்டில் பின் எண்ணை எழுதி வைத்திருந்தால்கூட அதைக் கவனக்குறைவு என்று சொல்லி வாடிக்கையாளரின் பொறுப்பைக் கூட்ட முடியாது. இங்கே அதுவும் நடக்கவில்லை. தெரிந்த அன்றே சொல்லிவிட்டார். ஆகவே கார்டு களவு போனதாகவே வைத்துக்கொண்டாலும், 50 டாலருக்கு மேல் அவர் தலையில் கட்ட வழியில்லை.

முடிவுக்கு ஆதாரமாக வைத்த ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். அதுவும் இல்லை. இப்போது கேட்கிறோம்: ஏடிஎம் பதிவு, இயந்திரத்தின் இடம், பட்டை வழியாகப் படித்ததா என்று காட்டும் குறியீடு, விசாரித்தவரின் குறிப்பு.

மாற்றுக் கார்டு விஷயத்தில் நடந்ததும் சாதாரணமல்ல. மார்ச் 6 அன்றே பழைய கார்டை முடக்கினீர்கள், அது சரி. புதியது பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி வந்தது. உடனே கணக்குக்கே "திரும்பிய தபால்" என்று தடை போட்டீர்கள். மார்ச் 20 அன்று ஏறிய அடுத்த தொகையும் அதற்குள் மாட்டிக்கொண்டது. முகவரி மாறியதை அவர் மாநிலக் குழந்தைப் பராமரிப்பு அலுவலகத்தில் முன்பே சொல்லியிருந்தார். அங்கே மாற்றினால் உங்கள் பதிவேட்டில் மாறாது, இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்பது கார்டு வைத்திருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் தாளில் எங்கும் இல்லை. கார்டு வரும் வெள்ளை உறையும் விளம்பரத் தபால் மாதிரியே இருப்பதால், பிரிக்காமல் குப்பையில் போட்டவர்களும் உண்டு.

இந்தப் பணம் வரும் வழியை எண்ணிப் பாருங்கள். நீதிமன்ற ஆணைப்படி தொகை மற்றப் பெற்றோரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. சம்பள நாளிலிருந்து 7 வேலை நாளுக்குள் முதலாளி அதை அனுப்பிவிட வேண்டும். மாநிலப் பட்டுவாடா அலுவலகம் கைக்கு வந்த 2 வேலை நாளுக்குள் பிரித்து அனுப்ப வேண்டும். அத்தனை கெடுவையும் தாண்டி வந்த மார்ச் 20 தொகை, கடைசிப் படியில் உங்களிடம் 19 நாள் நின்றது. அந்த 19 நாளும் வீட்டு வாடகையும் பள்ளி மதியச் சாப்பாடும் காத்திருக்கவில்லை.

கட்டணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 20 டாலர் நோட்டு மட்டும் தரும் ஏடிஎம்மில் 20 டாலர் 66 சென்டை எடுக்க முடியாது. கட்டணம் போனால் அதுவே 20-க்குக் கீழே வந்துவிடும். கார்டில் அச்சிட்டுள்ள வலைப்பின்னலைச் (விசா, மாஸ்டர்கார்டு போன்றது) சேர்ந்த எந்த வங்கியின் கவுன்டரிலும், புகைப்பட அடையாளம் காட்டி, சென்ட் வரை முழுவதையும் இலவசமாக எடுக்கலாம் என்று உங்கள் கட்டண அட்டவணையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். "இருப்பு எடுக்க வந்தேன்" என்றால் காசாளர் புரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். "கேஷ் அட்வான்ஸ்" என்று கேட்க வேண்டும் என்றும், எடுக்கும் தொகையைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்து அச்சிடுங்கள். மளிகைக் கடையில் கேஷ்பேக் (பொருளின் விலையோடு கூடுதலாகத் தேய்த்து வாங்கும் ரொக்கம்) வாங்கினால் கட்டணம் இல்லை என்பதும், பெட்ரோல் பம்பிலேயே தேய்த்தால் போடும் தொகையைவிடப் பல மடங்கு பிடித்துவைக்கப்படலாம், உள்ளே போய்த் தொகையைச் சொல்லிக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை என்பதும் அந்தப் பக்கத்திலேயே வர வேண்டும்.

கணக்கில் ஆண்டுக்கு ஒரு முறை குறையும் 35 டாலருக்கு உங்களைக் குறை சொல்லவில்லை. நிதியாண்டில் 550 டாலர் வசூலான பிறகு, அரசு நல உதவி ஒருபோதும் பெறாத குடும்பங்களுக்கு வரும் கூட்டாட்சிக் கட்டணம் அது. கேட்பவர்களிடம் உங்கள் ஊழியர்கள் அதை அப்படியே சொன்னால் போதும்.

தொலைபேசி வழியை உடனே மாற்ற வேண்டும். கார்டு தொலைந்ததைச் சொல்ல 2-ஐ அழுத்தினால், முதலில் கேட்பது அந்தக் கார்டின் 16 எண்கள்தான். தொலைத்தவரிடம் அந்த எண் எப்படி இருக்கும்? பேசாமல் இருந்தால் மூன்றாவது முறைக்குப் பிறகு சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கையும் பிறந்த தேதியையும் கேட்கிறது. அதை முதலிலேயே கேளுங்கள். கார்டு வேண்டாம், வங்கிக் கணக்குக்கு நேரடியாக வேண்டும் என்பவர்களிடம் "கார்டு மட்டும்தான்" என்று சொல்வதையும் நிறுத்துங்கள். இந்தக் கார்டை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, வேறு வழி கேளுங்கள் என்று உங்கள் அட்டவணையின் முதல் வரியே சொல்கிறது. மாநில அலுவலகத்தின் படிவத்தில் வங்கியின் 9 இலக்க ரூட்டிங் எண்ணையும் கணக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

நாங்கள் கேட்பது: டிஸ்பியூட்டை மீண்டும் திறந்து 810 டாலர் 50 சென்டையும் இந்தக் கடிதம் கிடைத்த 10 வேலை நாளுக்குள் வரவு வையுங்கள். திரும்பிய தபால் தடையின்போது விரைவுக் கார்டுக்காக வாங்கிய கட்டணத்தையும் சேர்த்துத் திருப்புங்கள். மேலே கேட்ட ஆவணங்களை அனுப்புங்கள். அவருக்குச் சிப் உள்ள கார்டு கொடுங்கள். மற்றவர்களுக்கு எப்போது தருவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிலும், உங்களோடு ஒப்பந்தம் செய்துள்ள மாநில அலுவலகத்திலும் இதே தாள்களோடு புகார் பதிவோம். 10 வேலை நாளில் தற்காலிக வரவு தராமல், நல்லெண்ணத்தோடு விசாரிக்கவும் செய்யாத நிறுவனம் மூன்று மடங்கு இழப்பீடு தர நேரிடலாம் என்று அதே சட்டம் சொல்வதை உங்கள் சட்டப் பிரிவு அறியும். வழக்குக்குப் போக எங்களுக்கு விருப்பமில்லை. அந்தத் தொகை இரண்டு குழந்தைகளின் இரண்டு வாரச் செலவு; அது வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் கார்டுதாரர்களும் தன்னார்வலர்களும்

இணைப்பு: மார்ச் மாதப் பரிமாற்றப் பட்டியல், ஃபேக்ஸ் உறுதித் தாள், ஏப்ரல் 28 கடிதத்தின் நகல், ஒப்புதல் தாள், ஆங்கில வடிவம்.