பிளாக்கரன்ட் கருந்திராட்சை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர்காலத்தில் நடுவதற்கேற்ற பழச்செடிகளைப் பற்றித் தங்கள் இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் வந்த குறிப்பில், 'பிளாக்கரன்ட்' என்பது 'கருந்திராட்சை' என்று மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. பெயர்ப்பிழை மட்டுமானால் எழுதியிருக்க மாட்டேன். நடும் முறையும் கவாத்து முறையும் பிழைபட்டிருப்பதால் எழுதுகிறேன்.

கடைகளில் 'கரன்ட்' என்று விற்கப்படும் உலர்பழம், கொரிந்து நகரின் பெயரைப் பெற்ற ஒருவகைச் சிறு திராட்சையின் வற்றலாகும். பிளாக்கரன்டோ பந்தல் வேண்டாத, நெஞ்சளவு வளரும் புதர்ச்செடி. அதன் நெருங்கிய உறவு கூஸ்பெரியும் சிவப்புக் கரன்டும்தான். (கூஸ்பெரியை நாம் நெல்லிக்காய் ஆக்கியது வேறொரு வழக்கு.)

உறவு என்பதற்காக மூன்றையும் ஒரே விதமாக நடவும் வெட்டவும் சொன்னதுதான் தவறு. சிவப்புக் கரன்டும் கூஸ்பெரியும் முதிர்ந்த கிளைகளில் காய்ப்பவை என்பதால், ஒற்றை அடித்தண்டில் நிற்க விட்டு, நாற்றங்காலில் முன்பிருந்த மண்மட்டத்திலேயே நட வேண்டும். பிளாக்கரன்ட் முந்தைய ஆண்டில் தோன்றிய இளங்கிளைகளிலேயே நன்கு காய்ப்பதால், மண்ணுக்கடியிலிருந்து ஆண்டுதோறும் புதுத்தண்டுகள் கிளம்பும்படி முன்பிருந்த மட்டத்தைவிட 5 சென்டிமீட்டராவது ஆழமாக நட்டு, நட்டவுடன் எல்லாத் தண்டுகளையும் ஓரிரு மொட்டுகள் மட்டும் நிற்குமாறு வெட்டிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கன்றை வெட்ட மனம் வராது. எனக்கும் வரவில்லை, அதனால் முதல் செடி நெடுங்குச்சியாகவே நின்றது. அடுத்த கோடையில் பழம் கிடைக்காது என்பது உண்மையே, ஆனால் வேர் வலுக்கும். செடி வளர்ந்தபின் ஒவ்வொரு குளிர்காலத்திலும், கருத்துப் பருத்த முதிய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு நீக்கிவந்தால் போதும்.

வாங்கிய செடி எதுவென்ற ஐயம் எழுந்தால் இலையைக் கசக்கி முகரலாம். பிளாக்கரன்டின் கடுமையான மணம் சிவப்புக் கரன்டுக்கு இல்லை.

கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் காப்பாற்றிப் பழகிய நமக்கு, இலையெல்லாம் உதிர்த்து உறைபனியில் நிற்கும் இச்செடி பட்டுப்போனதாகவே தோன்றும். என் மாமியார் ஒரு ஜனவரியில் அதைப் பிடுங்கவே முனைந்தார். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால்தான் வசந்தத்தில் மொட்டுகள் ஒழுங்காக விரியா. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக ஆசைப்படுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சில மொட்டுகள் மட்டும் உருண்டு பருத்திருந்தால் அது செழிப்பன்று. உள்ளே நுண்சிலந்திகள் இருக்கின்றன என்று பொருள். அவற்றைக் கிள்ளி அழித்துவிட வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் ஆரஞ்சு இறக்குமதி தடைப்பட்டபோது, பிரித்தானிய அரசு வைட்டமின் 'சி'க்காகக் குழந்தைகளுக்கு வழங்கியது இப்பழத்தின் பாகையே. லண்டனின் சிறு தோட்டங்களுக்கு, ஸ்காட்லாந்து மலைகளின் பெயர் தாங்கிய 'பென்' வகைகளுள் குட்டையான 'பென் சாரெக்' பொருத்தமானது. தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ஒரு செடியும் போதும்; ஜூலையில் பழுக்கும்போது வலை போடாவிட்டால் முழுவதும் பறவைகளுக்கே.

மண்கட்டியின்றி வேரோடு விற்கப்படும் மலிவான கன்றுகள் மார்ச் மாதம் வரையே கிடைக்கும் என்பதால், அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஹரோ, லண்டன்.