இங்கே டாக்டரைப் பார்ப்பது எப்படி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமா? "உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் போகாமல் போனில் எதையோ தட்டிக்கொண்டு இருக்கிறாயாமே" என்று கோபித்துக்கொண்டாய். சரி, விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் நினைத்த டாக்டரிடம் போய் டோக்கன் வாங்கி உட்கார முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், கிளினிக்கில் பெயர் பதிந்திருக்க வேண்டும். எதுவானாலும் முதலில் அங்கேதான். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, 1948இலிருந்தே அப்படித்தான். ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே! காலை 8 மணிக்கு ஊரே ஒரே நம்பருக்கு அடித்துக்கொண்டிருக்கும். 2025 அக்டோபரிலிருந்து, அவசரமில்லாத விஷயங்களுக்கு ஆன்லைன் படிவத்தைக் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நாம் எழுதுவதைக் கிளினிக்கில் ஒருவர் படித்து, போனில் பேசினால் போதுமா, நேரில் வர வேண்டுமா, மருந்துக்கடைக்கே அனுப்பலாமா என்று பிரிப்பார். தொண்டைவலி, அக்கி மாதிரி ஏழு தொந்தரவுகளுக்கு மருந்துக்கடைக்காரரே டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து தரலாம், 2024 ஜனவரியிலிருந்து.

வழக்கமான பிரஷர் மாத்திரையை ஆப்பில் கேட்டு வாங்குவதோடு என் வேலை முடிந்தது. அதற்காக யார் அரைநாள் லீவு போடுவது? ஆனால் சின்னவனுக்கு முதுகில் தடிப்பு வந்தபோது கதை வேறு. போட்டோ அனுப்பச் சொல்லி மெசேஜ் வந்தது. ஜன்னலோரம் நிறுத்தினோம், லைட்டை அணைத்தும் போட்டும் எடுத்தோம், ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு நம் நிறத்தில் எளிதில் தெரியாது. இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் இணையப் பக்கங்களிலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள். கையை வைத்தால் சூடாக, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. "போட்டோவில் தெரியவில்லை, நேரில் பாருங்கள்" என்று எழுதினேன். அன்று மாலையே கூப்பிட்டார்கள். டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று களிம்பு எழுதினார்.

வயதானவர்கள் நேரில், இளசுகள் போனில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் பையன் ஒரு வீட்டில் நாலு பேரோடு இருக்கிறான். ஆப்பில் ஊறியவன், ஆனால் வீடியோ கால் வேண்டவே வேண்டாம் என்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று பயம்! அதே பையன் மனசு சரியில்லை என்பதை முதலில் சொன்னது படிவத்தில்தான். முகத்தைப் பார்த்தால் வாய் வந்திருக்காதாம்.

எதிர்வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை, மூச்சிரைப்பு, மூட்டுவலி எல்லாம் உண்டு. அவருக்குத் தெரிந்த டாக்டர் வரும் நாள்வரை காத்திருப்பார். வேறு டாக்டரிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேகமாகக் கிடைக்கும் டாக்டரைவிட நம்மைத் தெரிந்த டாக்டர் மேல், நாள்பட்ட வியாதிக்காவது.

நம் ஆட்கள் வீட்டில் இன்னொரு சங்கடம். மாமியாருக்காகப் படிவத்தை மருமகள்தான் நிரப்புகிறாள். அடிவயிற்றுத் தொந்தரவை மாமியார் அவளிடம் சொல்வாரா? மூட்டுவலி என்று முடித்துவிடுவார். நேரில் போனால் மருமகளை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். நிறையப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

அப்புறம், அம்மா இங்கே வரும்போது தேவைப்பட்டால் தற்காலிகமாகப் பெயர் பதியலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையில் பிராண்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி அனுப்பு. பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் புரியாது.

அன்புடன்,
உன் தம்பி