நூற்றாண்டு மலரின் 46ஆம் பக்கம்: சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

நம் சபையின் நூற்றாண்டு மலரை மெய்ப்புப் பார்க்க என்னிடம் கொடுத்திருந்தீர்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டேன். பென்சிலால் திருத்த முடியாத ஒன்று 46ஆம் பக்கத்தில் இருப்பதால், சபையார் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். முதல் பன்னிரண்டு பக்கங்களில், ஒன்பதே மாதம் இருந்தவர் உட்பட எல்லா ஆயர்களும் படத்தோடு இருக்கிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்த டீச்சரம்மாவின் பெயரோ, "உதவிய சகோதரிகள்" என்ற தலைப்பின்கீழ், சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்குப் பாத்திரம் தந்தவர்களுக்கு அடுத்து வருகிறது. (பாத்திரம் தந்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.)

அவர் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவர். அங்கே உலர் கழிப்பறைகளின் மலத்தைக் கையால் அள்ளியவர்களின் பிள்ளைகளோடு ஒரே ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்ததாகச் சொல்வார். 2016இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் அதே தங்கவயலில் அப்படியொரு குடும்பத்தில்தான் பிறந்தார். பெங்களூரில் 1910 முதல் இயங்கும் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்து, 1984இல் டீச்சரம்மா நம்மிடம் வந்தார்.

மர்பி டவுனில் அவர் நடத்திய மாலைப் பள்ளியில் படித்தவள் நான். பென்சிலை இரண்டாக வெட்டிச் சீவிக் கொடுப்பார். வருகைப் பதிவேட்டில் முதலில் அம்மா பெயர், பிறகுதான் அப்பா பெயர். ஏன் என்று கேட்ட என் தாத்தாவிடம், "பிள்ளைக்கு ஒன்று என்று ஆள் அனுப்பினால் யார் வருகிறார்கள், ஐயா?" என்றார். எட்டு மணிக்குப் பிள்ளைகள் கிளம்பியதும் அதே மேசைக்கு, ஒப்பந்தக்காரர் மூன்று மாதச் சம்பளம் தராமல் இழுத்தடித்த பௌரகார்மிகப் பெண்கள், அதாவது நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள், வருவார்கள். எத்தனை நாள் வேலை, எந்த வார்டு, மேஸ்திரி யார் என்று கேட்டுக் கன்னடத்தில் மனு எழுதி, மறுநாள் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூடவே போவார். கன்னடம் எழுதவே அவர் இந்த மனுக்களுக்காகத்தான் கற்றுக்கொண்டார்.

கமிட்டியில் சிலருக்கு அவர்மேல் மனத்தாங்கல் வந்தது பள்ளி விண்ணப்பத்தின் மதம் என்ற கட்டத்தால் என்பது எனக்குத் தெரியும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தன் மூன்றாம் பத்தியில், இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. அதனால் அந்தக் கட்டத்தில் கிறிஸ்தவர் என்று எழுதினால் பட்டியல் சாதிச் சலுகை கிடைக்காது. சேரியில் சாதிப்பெயரால் அழைக்கப்பட்டு, கோயிலில் விசுவாசி என்று அழைக்கப்படும் ஒரு தாய், மகளின் படிவத்தில் எதை எழுதுவது என்று கேட்டபோது, டீச்சரம்மா உபதேசம் செய்யாமல், எதை எழுதினால் எது கைவிட்டுப் போகும் என்பதை மட்டும் விளக்கி, முடிவை அவளிடமே விட்டார். "சபையைக் காட்டிக்கொடுக்கிறார்" என்று அன்று பேசப்பட்டது. ஒரு தாயைத் தனியாக விட்டுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை என்னால் வேறுவிதமாகத்தான் பார்க்க முடிகிறது.

திருவிருந்து கொடுக்கும் உரிமை தரும் குருப்பட்டத்துக்கு டீச்சரம்மா இரண்டு முறை விண்ணப்பித்தார். தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. 2013இல் ஆந்திராவின் நந்தியாலில் ஒரு பெண் பேராயரும் ஆனார். நம் சபையின் கூட்டக் குறிப்பேட்டில், "திருவிருந்தை ஒரு பெண் கொடுத்தால் எல்லாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் இப்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று இருக்கிறது. அந்த இப்போதைக்கு அவர் ஓய்வு பெறும்வரை நீண்டது. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் எழுதும் நீண்ட பெயர்ப் பட்டியல், சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளில்தான் தொடங்குகிறது. நாமோ நம் ஊழியக்காரியை 46ஆம் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

ஆகவே, அவர் பெயர் ஊழியர் வரிசையில், அவர் வந்த ஆண்டுக்குரிய இடத்தில், படத்தோடு வர வேண்டும். அந்தக் குறிப்பேட்டு வரியும் ஒரு சொல்கூடக் குறையாமல் அச்சாக வேண்டும். அச்சகத்துக்குப் பக்கங்கள் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்துக் காலை ஏழு மணி ஆராதனைக்கு வரும் டீச்சரம்மாவுக்கு இந்த மடலைப் பற்றித் தெரியாது. மாலைப் பள்ளி வாசலில் எடுத்த அவருடைய படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் செயலாளர் ஐயாவிடம் கொடுக்கிறேன்.

இங்ஙனம்,
மாலைப் பள்ளியின் பழைய மாணவி,
மர்பி டவுன், பெங்களூரு