ஓபோ வாங்கும் முன், அம்மாடி

அன்பு மகளுக்கு,

ரங்கூனில் மழை விட்டபாடில்லை. நாயனத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளிகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அடுப்படிப் பக்கம் வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஓபோ கற்கப்போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நம் நாயனம், பர்மியர் வாசிக்கும் ஹ்னே, உன் ஓபோ மூன்றுமே ஒரே சாதிக் கருவி, சீவாளி வைத்து ஊதுவது.

ஆனால் கடையில் கறுப்பு மர ஓபோ மினுங்குவதைப் பார்த்து மயங்கிவிடாதே. அது தான்சானியா, மொசாம்பிக் பக்கம் விளையும் மரம். இரும்பு மாதிரி இருக்கும், ஆனாலும் விரிசல் விடும். குளிரில் தூக்கி வந்து உடனே ஊதினால் உள்பக்கம் சூடாகி விரியும், வெளிப்பக்கம் குளிர்ந்தே கிடக்கும். புது மரத்தை முதல் சில வாரம் தினம் 15, 20 நிமிடத்துக்கு மேல் ஊதக்கூடாது. டியூட்டி முடிந்து வந்து ஆசையோடு எடுப்பவளுக்கு அது கஷ்டம். இப்போதைக்கு பிளாஸ்டிக் போதும். வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

எனக்கு 19 வயதில் ஒருவர் பழைய நாயனம் விற்றார். பங்குனி ஊர்வலத்தில், உச்சி வெயிலில், விரிசலில் பூசியிருந்த மெழுகு உருகிவிட்டது. சாமிக்கு முன்னால் மேல் ஸ்தாயி பிசிறியது. அன்று நான் அழுதேன்.

அதனால் பழையது பார்த்தால் மேல் துண்டைக் கழற்று. அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, விரல் துளைகளையும், துளைகளை மூடும் உலோகச் சாவிகளையும் மூடி, மேலிருந்து காற்றை உறிஞ்சு. பிடிப்பு சில நொடி நிற்க வேண்டும். உடனே விட்டால் எங்கோ ஒழுகுகிறது. நமக்கு உதடும் மூச்சும்தான் அரை ஸ்வரம் தரும். ஓபோவில் எல்லாம் சாவி, திருகு. மேல்நாட்டு ஸ்வரங்களான எஃப், பி ஃப்ளாட் இரண்டுக்கும் உரிய இடக்கை எஃப் சாவியும் கீழ் பி ஃப்ளாட் சாவியும் இருக்கின்றனவா பார். மலிவானவற்றில் அவை இல்லாமல் போகும். இடக்கைக் கட்டைவிரலால் அழுத்தும் கட்டைவிரல் தகடு உள்ளதா, இல்லாததா என்பதை ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய். அவர் சொல்லித்தரும் விரல் முறைக்கு ஒத்துப்போக வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் கருவிக்கே கொட்டிவிடாதே, சீவாளி சில வாரத்தில் தேய்ந்துவிடும். எப்போதும் மூன்று வைத்துக்கொள்.

பணம் கொடுக்கும் முன் ஆசிரியரை வாசிக்கச் சொல்லி போனில் பதிந்து அனுப்பு. கீழ் ஸ்வரத்திலிருந்து மெதுவாக. அப்பா கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா