இன்சுலினும் பங்காளிச் சண்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவு தினக் கட்டுரையில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது சரியான பங்காளிச் சண்டை.

1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது நீரிழிவுச் சிறுவனுக்கு முதலில் போடப்பட்டது பான்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த கணையச் சாறுதான். பெரிதாகப் பலனில்லை, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்ததுதான் மிச்சம். ஜனவரி 23 முதல் கொடுத்த, அதே குழுவின் உயிர்வேதியியலாளர் கொல்லிப் சுத்திகரித்த மருந்துதான் பையனைத் தேற்றியது. அந்தச் செய்முறையைச் சொல்ல மாட்டேன் என்று கொல்லிப் முறுக்கிக்கொள்ள, பான்டிங் ஆய்வுக்கூடத்திலேயே அவர் மீது பாய்ந்துவிட்டார்.

1923 நோபல் பரிசு பான்டிங்குக்கும், ஆய்வுக்கூடத் தலைவர் மெக்லியோடுக்கும் கிடைத்தது. 1921இல் நாய்கள் மீது முதல் சோதனைகள் நடந்தபோது ஸ்காட்லாந்தில் இருந்தவருக்குப் பரிசா என்று பான்டிங்குக்கு ஆத்திரம். தன் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மெக்லியோட் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் கொல்லிப்புக்குப் பாதி கொடுத்தார். இத்தனை முட்டல் மோதலிலும் பான்டிங், பெஸ்ட், கொல்லிப் மூவரும் இன்சுலின் காப்புரிமையை ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1921இலேயே இதே ஆய்வை வெளியிட்ட ருமேனிய விஞ்ஞானி பவுலெஸ்குவை நோபல் குழு கண்டுகொள்ளவில்லை. அடுத்த முறையாவது கொல்லிப், பவுலெஸ்கு பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி